பழைய காரைத் தின்னும் துரு: வீட்டிலேயே எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?



தோட்டத்தில் பழைய கார் ஆடம்பரப் பொருளல்ல. பஸ் நுழையாத செம்மண் சாலையில் பிள்ளை பரீட்சைக்குப் போவதும், நடுச்சாமத்தில் பிரசவ வலி கண்டவளை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும், சம்பளம் வாங்கிய மறுநாள் பட்டணத்தில் சாமான் வாங்கி வருவதும் அந்தக் காரை நம்பித்தான். 1985 ஜூலையில் வெளிவந்த புரோட்டோன் சாகாவும், 1994-இல் வந்து 2009 வரை தயாரான கஞ்சிலும் இன்றைக்கும் எத்தனையோ லயத்து வாசல்களில் நிற்கின்றன. இஞ்சின் நன்றாக இருக்கும், கூண்டுதான் உதிரும். இஞ்சினுக்கு எண்ணெய் மாற்ற மறவாத நாம், தகட்டைத் துரு தின்பதைக் கண்டும் காணாமல் இருந்துவிடுகிறோம்.

பட்டறைக்குப் போனால் சம்பளத்தில் பாதி போய்விடும் என்ற பயம் நியாயமானதே. ஆனால், வீட்டு வாசலில் நாமே செய்யக்கூடிய வேலை எது, உயிருக்கே உலை வைக்கும் வேலை எது என்று பிரித்தறிய வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

துரு எப்படிப் பிறக்கிறது?

இரும்பும், நீரும், காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்தால் துரு. செம்பில் பிடிக்கும் பாசி அடியிலுள்ள உலோகத்தை ஓரளவு காக்கும். இரும்புத் துரு அப்படியல்ல. அது பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடியிலுள்ள நல்ல இரும்பை மறுபடி ஈரத்துக்குக் காட்டிக் கொடுக்கும். இரும்பாக இருந்தபோது பிடித்த இடத்தைவிட, துருவான பிறகு பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் பெயிண்டுக்கு அடியிலிருந்து கொப்புளம் போல் மேலே கிளம்புகிறது. வெளியே ஒரு காசளவு கொப்புளம் தெரிந்தால், உள்ளே அதைவிடப் பெரிய இடம் கெட்டிருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

உப்பு சேர்ந்தால் துரு இன்னும் விரைந்து பரவும். கடலோரக் கார்களுக்குத்தானே உப்பு, நமக்கு ஏது என்று கேட்பீர்கள். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அதுவும் உப்பு வகைதான். கிழிந்த உரமூட்டையைப் பின் பூட்டில் ஏற்றிச் சிந்தவிட்டால், அது காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தகட்டின் மேல் உப்புநீராக நிற்கும். பால்மரத் தோட்டத்தில் வேறு விதம். பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலமும், கட்டிப்பாலிலிருந்து வடியும் புளித்த நீரும் பூட்டின் அடித்தகட்டை அரித்துவிடும். கால் வைக்கும் இடத்திலும் சக்கர வளைவுகளிலும் அப்பிக்கொள்ளும் செம்மண் சேறு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே, தோட்டத்துக் கார் பட்டணத்துக் காரைவிடச் சீக்கிரம் துருப்பிடிப்பதில் வியப்பில்லை.

முதலில் பரிசோதனை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைக் கழுவிக் காயவிட்டு, ஒரு டார்ச் லைட்டும், ஒரு ஸ்குரூ டிரைவரும், துணியில் சுற்றிய சிறு காந்தமும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கர வளைவுகளின் உட்புற விளிம்பு, கதவுகளின் அடிப்பாகம், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற படித்தகடு, பாட்டரி வைக்கும் தட்டு, கண்ணாடி ரப்பரின் ஓரம், மிதியடிக்குக் கீழுள்ள தரை, மாற்றுச் சக்கரம் கிடக்கும் குழி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உளுத்த தகடு மந்தமாக ஒலிக்கும். காந்தம் ஒட்டாத இடத்தில் யாரோ முன்பு பட்டி தடவி மறைத்திருக்கிறார்கள். சில கார்களில் சில பாகங்கள் பிளாஸ்டிக் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கண்ட துருவை மூன்று வகையாகப் பிரியுங்கள். மேலாகப் படிந்த செந்நிறப் பொடி முதல் வகை. பொருக்கு எழுந்து குழி விழுந்திருப்பது இரண்டாம் வகை. ஓட்டை விழுந்தது மூன்றாம் வகை. முதல் இரண்டையும் நாமே பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவதில், ஓட்டை எந்த இடத்தில் என்பதே முடிவு சொல்லும்.

தொடக்கூடாத இடங்கள்

சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங்கும் அதிர்வு தாங்கியும் கூண்டோடு சேரும் இடம், படித்தகடு, ஜாக்கி வைக்கும் இடம், இருக்கை வாரும் இருக்கையும் பூட்டியிருக்கும் தரை ஆகியவை காரின் எலும்புகள். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கும், சாகாவுக்கும் கஞ்சிலுக்கும் தனியாகச் சட்டம் கிடையாது; கூண்டே சட்டம். இங்கே ஓட்டை விழுந்தால் பட்டியோ, தகரத் துண்டோ, ரிவெட்டோ பிரயோசனப்படாது. அழுகிய பாகத்தை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள புதுத் தகட்டை வெல்டிங் வைக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். சீமைக் காரை போல் சிமெண்டு பூசி, பழைய பத்திரிகையைத் திணித்து, மேலே பெயிண்ட் அடித்த கார்களும் உண்டு. அது ஈரத்தைச் சிறைபிடித்து அழுகலை வளர்க்கும். விபத்து நேரும்போது அந்த இடம் காகிதமாக மடங்கும். உள்ளே இருப்பவர்கள் நம் பிள்ளைகள் அல்லவா?

பிரேக் எண்ணெய் ஓடும் குழாய் துருப்பிடித்துப் பொருக்காயிருந்தால் சுரண்டிப் பெயிண்ட் அடித்து ஏமாறாதீர்கள். குழாயை மாற்றச் சொல்லுங்கள். புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் சத்தம் மட்டுமல்ல ஆபத்து. அதன் வழியே கார்பன் மோனாக்சைடு வாயு துருப்பிடித்த தரையின் ஓட்டைக்குள் புகுந்து வண்டிக்குள் வரலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நெடுந்தூரப் பயணத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் தூக்கமும் வந்தால், உடனே வண்டியை நிறுத்தி எல்லோரும் வெளியே இறங்குங்கள்.

வேலைக்கு முன்

காரைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். இரும்புத் தாங்கி வைக்காமல் தலையை நுழைக்கவே கூடாது. செங்கல்லும் தாங்கியாகாது, அது சொல்லாமல் நொறுங்கும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி, கைக்குக் கையுறை வேண்டும். பெயிண்ட், தின்னர் இருக்கும் இடத்தில் சிகரெட்டும் கொசுவர்த்தியும் ஆகா. பிள்ளைகளைத் தூசியிலிருந்து விலக்கி வையுங்கள்.

சுரண்டுவது முதல் பெயிண்ட் வரை

முதலில் சோப்புநீரால் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, நன்றாகக் காயவிடுங்கள். கம்பித் தூரிகையால் உதிர்கிற துருவை எல்லாம் உதிர்த்துவிடுங்கள். பிறகு 80-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பின் வெள்ளை முகம் தெரியும்வரை போங்கள். கொப்புளத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலம் நல்ல பெயிண்டையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். அதற்குள்ளும் துரு ஊர்ந்திருக்கும். கடைசியில் 240-ஆம் எண் தாளால் விளிம்பைச் சாய்வாக இழையுங்கள். விரலால் தடவும்போது படி தட்டக்கூடாது.

குழிகளுக்குள் கொஞ்சம் துரு ஒளிந்திருக்கும். அதற்குத் துரு மாற்றி மருந்து பூசலாம். சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். சிலவற்றில் டானிக் அமிலம். டானிக் வகை, துருவைக் கருநீலப் பூச்சாக மாற்றும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சினார்களே, ஏறத்தாழ அதே ரசாயனம்தான். உதிரும் துருவின் மேல் பூசினால் மருந்து வீண். சுரண்டிய பிறகே பூசுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தை மீறவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

சுரண்டிய இரும்பை அன்றே பிரைமரால் மூடிவிடுங்கள். நம் நாட்டுக் காற்றில் ஓர் இரவிலேயே செந்தூள் படிந்துவிடும். எப்பாக்சி பிரைமர் கிடைத்தால் உத்தமம். சாதாரணப் பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். அதை அடித்துவிட்டு மாதக்கணக்கில் அப்படியே ஓட்டினால் பாடெல்லாம் வீண்.

பள்ளத்துக்குப் பட்டி. ஓர் எலுமிச்சங்காய் அளவு பட்டிக்கு ஒரு பட்டாணி அளவு ஹார்ட்னர் போதும். வெயிலில் சில நிமிடங்களிலேயே இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். பட்டியின் கனம் 3 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம், கனத்தால் வெடிக்கும். பட்டி பள்ளத்தை நிரப்ப. ஓட்டையை அடைக்க அல்ல. பாரம் தாங்காத இடத்தில் சிறு ஓட்டை இருந்தால், சுற்றிலும் நல்ல இரும்பு வரும்வரை சுத்தம் செய்து, கண்ணாடி நார்த்துணியையும் ரெசினையும் வைத்து மூடலாம். முன்பக்க மட்கார்டு போல்ட்டில் பூட்டிய பாகம். அது அழுகியிருந்தால், பழைய உதிரிப்பாகக் கடையில் நல்ல மட்கார்டு வாங்கி மாட்டுவதே மலிவு.

பெயிண்டுக்கு நல்ல நேரம், பனி காய்ந்த காலை. மாலை மழை நாளில் அடித்தால் பூச்சு வெளுத்துப் புகைபோல் மங்கும். உச்சி வெயிலில் தகடு சுடும்போது அடித்தால் பரவாமல் முடிச்சுப்போடும். நிற எண் பெரும்பாலும் பானட்டுக்குக் கீழுள்ள சிறு தகட்டில் இருக்கும். டப்பாவை ஒரு சாண் தூரத்துக்குச் சற்று அதிகமாகப் பிடித்து, மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை, நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடியுங்கள். ஒரே மூச்சில் கனமாக அடித்தால் கண்ணீர் போல் வழியும்.

துருப்பிடித்த மரையும் சிறு பாகங்களும்

அசையாத மரையோடு மல்லுக்கு நிற்காதீர்கள். துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் மாலையே விட்டு, இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் முதலில் மயிரிழை இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். துருவின் பிடி உடையும். சிறு போல்ட், கொக்கி, பிடி போன்றவற்றை வெள்ளை வினிகரில் ஓர் இரவு போட்டு, காலையில் தேய்த்து, சோடா உப்பு கரைத்த நீரில் அலசி, வெயிலில் காயவைத்து எண்ணெய் தடவினால் புதியது போலாகும். ஸ்பிரிங்கையும் பிரேக் பாகங்களையும் அமிலத்தில் போடக்கூடாது. கடினமாக்கிய எஃகு அமிலத்தால் முறியும் தன்மை அடையலாம். பாட்டரித் தட்டில் அமிலம் சிந்தியிருந்தால், பாட்டரியைக் கழற்றிவிட்டு அதே சோடா உப்பு நீரால் கழுவுங்கள்; நுரை அடங்கினால் அமிலம் போயிற்று.

மீண்டும் வராமலிருக்க

கதவின் அடியிலும் படித்தகட்டிலும் மழைநீர் வடியச் சிறு துளைகள் உண்டு. சேறு அடைத்தால் கதவுக்குள் குளம் கட்டி, உள்ளிருந்தே அழுகும். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றால் மாதம் ஒருமுறை குத்திவிடுங்கள். காசில்லாத வைத்தியம் இது. சக்கர வளைவுகளின் உட்புறத்தைத் தண்ணீர்க் குழாயால் பீய்ச்சிக் கழுவுங்கள். உரமும் கட்டிப்பாலும் ஏற்றத்தான் வேண்டும் என்றால், விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டில் வைத்து ஏற்றி, அன்றே கழுவுங்கள். மிதியடி நனைந்தால் வெளியே எடுத்து உலர்த்துங்கள். பழைய இஞ்சின் எண்ணெயை அடியில் அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது ரப்பர் பாகங்களைக் கெடுக்கும், தோலுக்கும் தீங்கு, நம் கிணற்று மண்ணுக்கும் தீங்கு. உட்குழிவுகளுக்கென்றே மெழுகு மருந்து கடையில் கிடைக்கும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். மாற்றுச் சக்கரத்தை எடுத்து அடியில் பாருங்கள். 2021 டிசம்பரில் சிலாங்கூரை வெள்ளம் சூழ்ந்தபோது எத்தனையோ கார்கள் முழுகின. வெள்ளத்தில் கிடந்த காரின் இருக்கைத் தண்டவாளத்தில் துருவும், வாரை முழுக்க இழுத்தால் அதன் அடியில் வண்டலும் இருக்கும். வெளியே புதுப் பெயிண்ட் மினுங்க, கீழே பழைய மண் படிந்திருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் கைகூப்பி விடைபெறுங்கள்.

வாசகர்களே, வரும் ஞாயிறே ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காரைச் சுற்றி வந்து, கெட்ட இடங்களை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எது நம் கைவேலை, எது பட்டறை வேலை என்று எதிரே குறியுங்கள். பட்டறை வேலைக்கு மாதா மாதம் கொஞ்சம் எடுத்து வையுங்கள். கைவேலையை அடுத்த மழைக்கு முன் முடியுங்கள். துரு ஓய்வெடுப்பதில்லை. ஆனால் அது மெல்ல நடக்கிறது. விழித்திருக்கும் குடும்பம் அதை முந்திவிடலாம்.