எட்டடிப் பலகையும் கீரிமலை வாங்கும்

கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் என்றால் மாடிக் கட்டடங்களுக்குப் படம் கீறுகிறவர்கள் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஹாட்வெயார் சாமான்களோடு கொஞ்சம் பலகையும் வைத்து விற்கிற எனக்கு, ஒரு மாணவி ஒரேயொரு பலகை வாங்கிப்போனதிலிருந்து தெரியவந்த சில விஷயங்களை இந்த வாரம் எழுதுகிறேன். தளபாடம் செய்விக்கிறவர்கள், கட்டடப் பொருள் விற்கிறவர்கள், சிறு சிறு ஒப்பந்த வேலை எடுக்கிறவர்கள் கொஞ்சம் கவனித்து வாசிக்க வேண்டும்.

அந்தப் பிள்ளை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கிறவர். (மரவேலைக்குப் பெயர்போன ஊரிலேயே அந்தப் படிப்பும் இருப்பது பொருத்தம்தான்.) சொந்த ஊர் கீரிமலை. 1990 இல் அந்தப் பகுதி சனம் இடம்பெயர்ந்தபோது அவருடைய குடும்பமும் வெளிக்கிட்டது. அதே வருடம் ஒக்டோபரில்தான் வடக்கு முஸ்லிம்களாகிய நாங்களும் வெளியேற்றப்பட்டோம். நாங்கள் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்த காலத்தில் அவர்கள் நலன்புரி நிலையத்தில் இருந்திருக்கிறார்கள். 2009 க்குப் பிறகு அந்தப் பக்கத்துக் காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டு அவர்கள் திரும்பிப் போனபோது சுவர் நின்றது. கூரை இல்லை, கதவு நிலைகூட இல்லை. எங்கள் வீட்டின் கதையும் அதுதான். ஆகவே, “வீட்டில ஒரு மரச்சாமானும் மிஞ்சேல்ல நானா” என்று அவர் சொன்னபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

படிப்புக்காகவும் வீட்டுத் தேவைக்காகவும் விடுமுறையில் அவர் மூன்று மர வேலைகளை எடுத்துக்கொண்டார். அம்மம்மா கிணற்றடியில் இருந்து குளிக்க ஒரு முக்காலி. வாசலில் போட ஒரு வாங்கு. மாமா தேநீரும் கச்சானும் விற்பதற்கு, கழற்றிப் பூட்டக்கூடிய ஒரு பெட்டிக்கடை. முக்காலியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாங்கும் கடையும்தான் எனக்குப் பாடமாக அமைந்தன.

வாங்குக்கு அவர் கேட்டது எட்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அங்குலத் தடிப்பில் ஒரு மகோகனிப் பலகை. “ஐந்தடி வாங்குதானே பிள்ளை, ஐந்தடித் துண்டு ஒன்று கிடக்கிறது, மலிவாய்த் தாறேன்” என்றேன். வேண்டாம், எட்டடியே வேணும் என்றார். பிறகு கொப்பியைத் திறந்து காட்டினார். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் பலகையைக் கீறி வைத்திருந்தார். எட்டடி என்றால் 96 அங்குலம். அதில் 64 அங்குலம் இருக்கும் பலகை. மிச்சம் 32 அங்குலத்தை இரண்டாக அறுத்தால் 16 அங்குலக் கால்கள் இரண்டு. பலகையின் தடிப்பும் சேர அம்மம்மாவின் முழங்காலுக்கு ஏற்ற உயரம் வந்துவிடும். வாள் ஓர் அறுப்புக்கு எட்டிலொரு அங்குலம் தின்னும் என்று அதையும் எழுதி, இரண்டு அறுப்புக்குக் கால் அங்குலத்தை நீளத்தில் கழித்திருந்தார். குறுக்குச் சட்டம் ஒன்று மட்டும் வேறு துண்டில். குப்பைக்குப் போனது மரத்தூள்தான்.

இதைப் பார்த்துவிட்டு அன்றிரவு நான் பழைய பில் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மண்டபத்துக்கு இருபது வாங்கு செய்து கொடுத்தேன். வாங்குக்கு ஐந்தடி என்று பிடித்து, நூறடிப் பலகைக்கு விலை சொல்லியிருக்கிறேன். வாங்கியதோ எட்டடிப் பலகை இருபது, அதாவது நூற்றறுபது அடி. கால்களுக்கு வேறு மரம் எடுத்திருக்கிறேன். மிஞ்சிய மூன்றடித் துண்டுகள் இருபதும் கடைக்குப் பின்னால் கிடந்து பாதி கறையானுக்குப் போயின. அறுபதடி என்றால் ஏழரைப் பலகை. அந்த ஒப்பந்தத்தில் கை நட்டம் வந்ததை நான் இவ்வளவு காலமும் ஓடாவியாரின் தலையிலேயே போட்டுக்கொண்டிருந்தேன். அவர் எத்தனை தடவை மறுத்தும் நான் கேட்கவில்லை. அவர் மீது பிழையில்லை. விலை சொன்னவன் நான், படம் கீறாமல் சொன்னவனும் நான்.

இங்கே சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். ஒரு வாங்குக்கு நாலு நாள் இருந்து படம் கீறி, காட்போட்டில் மாதிரி செய்து பார்த்தால் கட்டுப்படியாகுமா? ஒரு வாங்குக்குக் கட்டாது. கணக்குக்காக அந்த நாலு நாளுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபா வைத்துப் பாருங்கள். மொத்தம் 12,000 ரூபா. ஒரு வாங்கின் விலையில் அதை ஏற்றினால் எவரும் வாங்க மாட்டார்கள். இருபது வாங்கு என்றால் ஒன்றுக்கு 600 ரூபாதான். நூறு என்றால் 120 ரூபா. மரக்கூலி, ஆணி, பொலிஷ் என்று எல்லாவற்றையும் எழுதுகிற நாம் இந்த வரியை எழுதுவதேயில்லை. எழுதாததால் அந்தச் செலவு இல்லாமல் போவதில்லை. பின்னால் கிடக்கும் மூன்றடித் துண்டுகளாக அது வந்து நிற்கும்.

மரத்தைப் பற்றியும் அந்தப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டார். “இது எப்ப அறுத்த மரம்?” எனக்குச் சரியாகத் தெரியாது. குருநாகல் பக்கத்திலிருந்து லொறியில் வந்த சாமான். அவர் ஒரு சிறு துண்டை வாங்கிப்போய், சமையலறைத் தராசில் நாளுக்கு ஒருமுறை நிறுத்து எழுதினார். நிறை குறைந்துகொண்டே போனால் ஈரம் இன்னும் வெளியேறுகிறது என்று அர்த்தம். குறைவது நின்றால் மரம் அந்த ஊர்க் காற்றுக்கு அமைந்துவிட்டது. இதற்கு மெசின் எதுவும் தேவையில்லை. மரம் காயும்போது நீளத்தில் ஏறக்குறைய மாறாது, அகலத்தில்தான் சுருங்கும். ஈரவலயத்துப் பலகையை யாழ்ப்பாணத்து வெயிலுக்கும் சோளகக் காற்றுக்கும் கொண்டுவந்தால் ஓரடி அகலத்தில் கால் அங்குலம் போகக்கூடும். அதைத் தெரியாமல் இரண்டு பக்கமும் இறுக்கி ஆணி அடித்தால் பலகை நடுவால் வெடிக்கும். வெடித்த மேசையைத் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளர் கடை வாசலுக்கு வந்து நிற்கும் காட்சியைப் பார்க்காத தளபாடக் கடைக்காரர் எவரும் இருக்க முடியாது. இந்த வாங்கில் திருகாணிக்கான துளையைச் சற்று நீட்டி வெட்டியிருந்தார், பலகை அசைய இடம் கொடுத்து.

பெட்டிக்கடையின் கால்களுக்கு அவர் பனையையே எடுத்தார். பனைமரத்தின் பலம் எல்லாம் வெளிப்பக்கத்துக் கறுத்த வைரத்தில்தான், உள்ளே சோறு. அதனால்தான் நம்முடைய பழைய தச்சர்கள் அதைப் பிளந்து உள்பக்கத்தைச் சீவிவிட்டு வளையும் கைமரமும் சிலாகையும் எடுத்தார்கள். துளை போடாமல் ஆணி அடித்தால் நார் வழியே பிளந்துவிடும். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கென்று வெட்டப்பட்ட பனைகள் கொஞ்சநஞ்சமல்ல. பலா, ஈரப்பலா, பனை ஆகியவற்றை வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1951 ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாத மரத்தை மலிவு என்று வாங்கி வைத்துவிட்டுப் பிறகு ஓடித்திரிய வேண்டாம்.

மாணவர்கள் கையால் செய்து படிப்பது வெளிநாடுகளில் பழைய வழக்கம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை மாணவர்கள் 1967 முதல் தாங்களே ஒரு கட்டடத்தைக் கட்டிப் படிக்கிறார்கள். அலபாமா மாநிலத்தில் ஓபர்ன் பல்கலைக்கழகத்தின் ‘ரூரல் ஸ்டூடியோ’ 1993 இல் சாமுவேல் மொக்பீ, டி. கே. ரூத் என்ற இரண்டு ஆசிரியர்களால் தொடங்கப்பட்டது. அங்குள்ள ஏழைக் கிராமத்தவர்களுக்கு 20,000 டொலரில் ஒரு வீடு என்ற திட்டத்தை 2005 இல் ஆரம்பித்தார்கள். அந்தத் தொகைக்குள் பொருளும் கூலியும் மட்டுமல்ல, ஒப்பந்தக்காரரின் இலாபமும் அடங்க வேண்டும் என்பது நிபந்தனை. இலாபத்தை ஒளித்து வைக்காமல் வரியாக எழுதிய அந்தக் கணக்கு எனக்குப் பிடித்தது.

இத்தாலியில் எண்ஸோ மாரி என்ற வடிவமைப்பாளர் வேறு மாதிரி. 1974 இல் சாதாரணப் பலகையும் ஆணியும் கொண்டு செய்யக்கூடிய மேசை, கதிரை, கட்டில் ஆகியவற்றின் படங்களைத் தயாரித்து, தபால் செலவு அனுப்பியவர்களுக்கெல்லாம் கொடுத்தார். எவரும் செய்துகொள்ளலாம், தொழிற்சாலைகளும் வியாபாரிகளும் தவிர என்று எழுதியும் வைத்தார்! நமக்குக் கொஞ்சம் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பலகையையும் ஆணியையும் சனம் எங்கே போய் வாங்கியிருக்கும் என்று யோசித்தால் கோபம் ஆறிவிடும்.

இனி என்னுடைய பிழைக்கு வருகிறேன்.

பெட்டிக்கடை ஆறடிக்கு நாலடி. கீரிமலையைத் தெரிந்தவர்களுக்கு அந்த இடமும் தெரியும். நன்னீர் ஊறும் கேணி, அதை அடுத்தாற்போல் கடல், நகுலேஸ்வரக் கோவில். ஆடி அமாவாசைக்கு அங்கே வரும் சனத்தைச் சொல்லத் தேவையில்லை. மாமா கடை போடும் காணியின் உறுதியும் எல்லையும் இன்னும் தீராத விவகாரம். அதனால் சீமெந்து வேலை எதுவும் வேண்டாம், எழும்பச் சொன்னால் கழற்றிக்கொண்டு எழும்பக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது குடும்பத்தின் முடிவு. இருபது வருடம் கொட்டிலில் இருந்தவனுக்கு அந்த யோசனை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். மூலைகளில் ஆணி கிடையாது. 24 போல்ட். கல்வனைஸ் போல்ட் வேண்டும் என்று கேட்டார். நான் பெட்டியிலிருந்து எடுத்து, பளபளவென்று மின்னுகிற 24 போல்ட்டை எண்ணிக் கொடுத்தேன்.

ஆடி அமாவாசைக்கு முன் கடை நின்றது. வியாபாரமும் நடந்தது. மாரி வந்து போனது. தைப்பொங்கலுக்குப் பிறகு கடையைக் காணியின் மறுபக்கத்துக்கு மாற்றக் கழற்றியபோது 24 இல் 9 போல்ட் அசையவே இல்லை. நட்டும் மரையும் ஒன்றாய்ப் பிடித்துவிட்டன. கிரைண்டர் கொண்டு அறுத்திருக்கிறார்கள், சுற்றியுள்ள மரமும் கருகிவிட்டது. கழற்றுவதற்கென்றே செய்த சாமானைக் கழற்ற முடியாமல் போனது நான் விற்ற பொருளால்.

விஷயம் இதுதான். கல்வனைஸ் என்ற ஒரே பெயரில் சந்தையில் இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று, மின்சாரத்தால் நாகம் பூசியது. பார்க்க அழகாக மின்னும். பூச்சு மிக மெல்லியது, பெரும்பாலும் பத்து மைக்ரோன் அளவுதான். மற்றது, உருக்கிய நாகத்தில் தோய்த்தெடுத்தது. மங்கலான சாம்பல் நிறம், தொட்டால் சொரசொரப்பு. பூச்சு ஐம்பது மைக்ரோனும் அதற்கு மேலும் இருக்கும். மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோன் என்றாலும், உப்புக் காற்றில் முதலாவது ஒரு மாரியோடு போய்விடும், இரண்டாவது பல வருடம் நிற்கும். துருப்பிடிக்காத உருக்கிலும் இப்படித்தான். 304 என்ற ரகம் வீட்டுக்குள் போதும். கடற்கரைக்கு மொலிப்டினம் கலந்த 316 வேண்டும். முப்பது வருடம் ஆணி விற்றவன் நான், 316 ஐக் கேள்விப்பட்டிருந்தேன், கடற்கரைக்கு என்று எவரிடமும் எடுத்துச் சொன்னதில்லை. பொருளின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லித்தரப்பட்டது. குறையே தெரியாமல் விற்றால் எப்படிச் சொல்வது?

அந்தப் பிள்ளை தொலைபேசியில் பேசியபோது சண்டை பிடிக்கவில்லை. “நானா, போல்ட் மாத்தித் தர ஏலுமோ, எந்த ரகம் எண்டு பாத்துத் தாங்கோ” என்றார். கொழும்பிலிருந்து தோய்த்தெடுத்த போல்ட் வரவழைத்து, மறுவாரம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. கருகிய இடத்தை வெட்டிவிட்டு, பனையில் புதுத் துளை போட்டிருந்தார்கள். நான் நின்ற நேரத்திலேயே மாமாவும் பிள்ளையும் இரண்டு பக்கத்தைப் பூட்டி முடித்துவிட்டார்கள். எனக்குத் தேநீர் வந்தது. அந்த வாங்கில் இருந்துதான் குடித்தேன்.

இப்போது கடையில் இரண்டு பெட்டி வைத்திருக்கிறேன். தோய்த்தெடுத்தது விலை கூட. மின்னுகிறதைத்தான் இன்னும் பலர் கேட்கிறார்கள், கொடுக்கிறேன். பில்லில் மட்டும் ‘வீட்டுக்குள் பாவிக்க’ என்று எழுதிக் கொடுக்கிறேன். கடற்கரைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் எந்த ஊர் என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.