இரும்புக் கப்பலில் நின்று இரும்பைத் தேடுகிறார்கள்!

கப்பலே இரும்பு. நங்கூரச் சங்கிலி இரும்பு, தளத்தில் உதிர்வதெல்லாம் துரு. அதன்மேல் நின்றுதான் கடல்நீரில் கரைந்த இரும்பை அளக்கப் போகிறார்கள்! நடுக்கடலின் மேற்பரப்பில், பல இடங்களில் லிட்டருக்கு 50 நானோகிராம்கூடக் கிடையாது. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்றுதான் நானோகிராம். ஒரு துருத்துகள் விழுந்தால் போதும், அத்தனை உழைப்பும் வீண்.

உலகக் கடல்களின் நுண் உலோகங்களை வரைபடமாக்கும் ஜியோட்ரேசஸ் திட்டக் கப்பல்களின் பின்கட்டுக்கு வாருங்கள். நீர் அள்ளும் குடுவைகளை இறக்குவது எஃகு வடம் அல்ல, கெவ்லார் போன்ற செயற்கை இழைக் கயிறு. குடுவைகளின் வாயைப் பாருங்கள்: குளிக்கும்போது தலையில் மாட்டும் அதே ஷவர் கேப்! கடலில் இறங்கும் நேரம் வரை தூசி படக்கூடாதே.

உள்ளே பிளாஸ்டிக் தாள்களால் கட்டிய தூய அறை. வடிகட்டிய காற்றை அழுத்தி நிரப்பியிருப்பதால், திறப்பு வழியே காற்று வெளியேதான் பாயும், தூசி நுழையாது. மாவு பூசிய கையுறைக்குத் தடை. அந்த மாவில் துத்தநாகம் இருக்கலாம். மாதிரிப் புட்டிகளோ நாள்கணக்கில் அமிலத்தில் ஊறியவை. ஈயத்தை அளக்க இந்தக் கெடுபிடியை விடாப்பிடியாகக் கொண்டுவந்தவர் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கின் கிளேர் பேட்டர்சன்.

கரைக்கு வந்தால் அடுத்த தொல்லை உப்பு, லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். இரும்பைப் பிடித்துக்கொண்டு உப்பை வழியவிடும் பிசின் வழியே நீரைச் செலுத்துகிறார்கள். பிடிபட்ட இரும்பைச் சிறிது அமிலம் விடுவிக்கிறது.

எனக்கு மிகப் பிடித்த இடம் இனிமேல்தான்! ஐசிபி-எம்எஸ் கருவி ஆர்கான் வாயுவைப் பல ஆயிரம் டிகிரிக்குச் சூடாக்கி, அதில் மாதிரியின் அணுக்களை மின்னேற்றி, எடைவாரியாக எண்ணும். இரும்பின் முக்கிய ஐசோடோப்பின் எடை 56. ஆர்கான் 40, ஆக்சிஜன் 16. கூட்டிப் பாருங்கள், 56! கருவியை ஓட்டும் வாயுவே இரும்பாக வேஷம் கட்டி வந்து நிற்கிறது. துல்லியமாகப் பார்த்தால் இரும்பு 55.935, வேஷதாரி 55.957. அந்த இம்மி வித்தியாசத்தைப் பிரித்தறியும் காந்தக் கருவிகள் இருக்கின்றன. இதைப் படிக்கும்போதெல்லாம் கைதட்டத் தோன்றுகிறது.

ஆனாலும் ஒரே கடலுக்கு ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறு எண் வந்தது. 2004இல் சேஃப் என்ற பயணத்தில் பசிபிக் நீரைப் பெருந்தொட்டிகளில் எடுத்துக் கலந்து, பல ஆய்வகங்களுக்கும் பங்கிட்டார்கள். மேற்பரப்பு நீருக்கு ஒத்துவந்த விடை, லிட்டருக்கு ஏறத்தாழ 5 நானோகிராம். இரும்புக் குறைவால் நுண்பாசி வளராத கடல் எது என்று நம்பிச் சொல்ல இத்தகைய ஒப்பீடுதான் அடித்தளம்.