சாவியைக் கொடுத்தும் தீராத கடன்

‘எக்ஸ்பாட்’ என்ற ஆங்கிலச் சொல் இப்போது தமிழ்ப் பேச்சிலும் புழங்குகிறது. அயல்நாட்டில் வசிப்பவர் என்பது அதன் அகராதிப் பொருள். புழக்கத்தில் உள்ள பொருள் வேறு. ஸ்பெயினின் மத்தியதரைக் கடற்கரையில் வீடு வாங்கிக் குடியேறிய ஓய்வுபெற்ற பிரிட்டிஷ்காரர் ‘எக்ஸ்பாட்’. அந்த வீட்டுக்குச் சாந்து குழைத்த ஈக்வடார்க்காரரோ ‘குடியேறி’. இருவரும் அந்த மண்ணுக்கு அந்நியர்தான். ஒருவர் வெயிலைத் தேடி வந்தார், மற்றவர் கூலியைத் தேடி வந்தார். 2008-ல் ஸ்பெயினின் வீட்டுச் சந்தை சரிந்தபோது இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் உள்ள தூரம் பணத்தாலும் சட்டத்தாலும் அளந்து காட்டப்பட்டது. ‘வாடகைக்கு இருப்பதா, வாங்கிவிடுவதா?’ என்பது வீட்டுக்குள் கணவனும் மனைவியும் பேசி முடிக்கிற கேள்வி என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்தக் கேள்வியைக் கேட்கும் வசதி யாருக்கு இருந்தது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கணக்கு. கணக்கு என்றால் இலக்கியக்காரர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். இது எளிய கணக்கு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். 2 லட்சம் யூரோ விலையுள்ள ஒரு வீட்டுக்கு மாத வாடகை 700 யூரோ என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 8,400. அதையே முழுக்கக் கடனில், 5.5 விழுக்காடு வட்டிக்கு வாங்கினால் முதல் வருஷ வட்டி மட்டுமே 11,000-ஐ ஒட்டி வரும். வரி, நோட்டரி, பதிவுச் செலவு என்று விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு தனி. ஆக, வாங்குகிறவர் வாடகைக்காரரைவிட அதிகம் கொடுக்கிறார். எதற்காக? விலை ஏறும் என்கிற நம்பிக்கைக்காக. ஏறுகிறவரை அவர் புத்திசாலி, வாடகைக்காரர் ஏமாளி. 30 விழுக்காடு இறங்கிவிட்டால் வீடு 1,40,000 பெறும், கடனோ 2 லட்சத்தை விட்டு நகராது. அப்போது வாடகைக்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம், வாங்கியவர் முடியாது. (இது உதாரணக் கணக்குதான். ஆனால் உச்சத்திலிருந்து ஸ்பெயினில் விலைகள் விழுந்த அளவு ஏறத்தாழ இதுவே. அங்கே பெரும்பாலான கடன்களின் வட்டி ‘யூரிபோர்’ என்னும் விகிதத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவது. 2008 ஜூலையில் அந்த விகிதம் மட்டுமே 5.39 விழுக்காட்டைத் தொட்டது.)

கணக்கு இப்படியிருக்க ஏன் வாங்கினார்கள்? ஸ்பானியர்களுக்குச் சொந்த வீட்டு மோகம் ரத்தத்தில் ஊறியது என்று ஒரு பதில் உண்டு. ரத்தத்தில் ஊறியதாகச் சொல்லப்படும் எதுவும் எப்போது, யாரால் ஊற்றப்பட்டது என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்நாட்டில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாடகைக் குடித்தனக்காரர்கள். 1957-ல் பிராங்கோவின் சர்வாதிகார அரசு வீட்டுவசதிக்கென்று தனி அமைச்சகம் உண்டாக்கியது. அதன் முதல் அமைச்சர் ஹோசே லூயிஸ் அர்ரேசே, தங்களுக்கு வேண்டியது பாட்டாளிகளின் நாடல்ல, சொத்துக்காரர்களின் நாடு என்பதை ஒளிவுமறைவின்றியே பேசினார். தவணை கட்டுகிறவன் வேலைநிறுத்தத்துக்கு யோசிப்பான் என்பது எல்லா ஆட்சியாளர்களுக்கும் தெரிந்த விஷயம். சர்வாதிகாரம் போனது, அந்தக் கொள்கை போகவில்லை. 1998-ன் நிலச் சட்டம் கட்டடம் எழுப்பத்தக்க நிலத்தின் வரையறையை விரித்துப் போட்டது. 2006-ல் மட்டும் 7 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு வேலை தொடங்கியது. அதற்குள் பத்தில் எட்டுக் குடும்பங்கள் சொந்த வீட்டில். வாடகை என்பது மாணவர்களுக்கும் வந்தேறிகளுக்கும் உரிய தற்காலிக நிலையாகச் சுருங்கிப்போயிருந்தது.

அந்த வந்தேறிகள் யார்? 2000-ன் தொடக்கத்தில் ஸ்பெயினில் பதிவான வெளிநாட்டவர் 10 லட்சத்துக்கும் குறைவு. 2008-ல் 52 லட்சம். அவர்களில் ஈக்வடார்க்காரர் மட்டும் 4 லட்சத்துக்கு மேல். 1999-ல் ஈக்வடாரில் வங்கிகள் இழுத்து மூடப்பட்டன, சேமிப்புக் கணக்குகள் முடக்கப்பட்டன. மறுவருஷம் அந்த நாடு தன் சொந்த நாணயத்தையே கைவிட்டு டாலருக்குப் போனது. ஒரு வங்கிச் சரிவிலிருந்து தப்பி வந்தவர்கள் இன்னொரு வங்கிச் சரிவின் மடியில் வந்து விழுந்தார்கள். ஆண்கள் கட்டட வேலை, பெண்கள் வீட்டு வேலையும் முதியோர் பராமரிப்பும்.

தங்க இடம் வேண்டும். வெளிநாட்டவருக்கு வீடு இல்லை என்று வாடகைக்கு விடுகிறவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். சம்பளச் சீட்டு, வங்கி உத்தரவாதம், பல மாத அட்வான்ஸ் என்று கேட்டார்கள். (‘நீங்க என்ன ஆளுங்க?’, ‘சைவமா?’ என்று நம்மூர் வீட்டுக்காரர்கள் விசாரிக்கிற விதத்தை அறிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.) ஊரில் விட்டுவந்த பிள்ளைகளை அழைத்துக்கொள்ள வேண்டுமானால், தகுந்த குடியிருப்பு இருப்பதாக அரசுக்கு அறிக்கை காட்ட வேண்டும். ஒரே அறையில் நாலு பேர் படுத்தெழும்பும் இடத்தை எந்த அதிகாரி ஏற்பார்? வீட்டுக்காரர் மூடிய கதவை வங்கி திறந்துவிட்டது. வங்கி நிறம் பார்க்கவில்லை, கையெழுத்தைப் பார்த்தது. ‘வாடகை குடுத்துக் குடுத்து என்னத்தக் கண்டீங்க? அதே காசுல தவணை கட்டுங்க, வீடு உங்களுது’ என்கிற பேச்சுக்கு எல்லா மொழியிலும் ஒரே தொனிதான். குடியேறிகளைப் பொறுத்தவரை ‘வாங்குவது’ ஒரு தேர்வே அல்ல. வாடகை மறுக்கப்பட்டவர்களுக்கு விடப்பட்ட ஒரே வழி அது. இந்த இடத்தைத் தவறவிட்டால், பேராசையால் கெட்டார்கள் என்கிற நடுத்தரவர்க்க நீதிபோதனையில்தான் போய் முடிவோம்.

கடன் தரப்பட்ட விதத்தையும் பார்க்க வேண்டும். வீட்டுக்கு விலைமதிப்பு போட்ட நிறுவனங்களில் பல வங்கிகளுக்கே சொந்தமானவை. மதிப்பு உயர உயரக் கடனும் உயர்ந்தது. முப்பது, நாற்பது வருஷத் தவணை. ஜாமீனுக்குச் சொத்து வேண்டாம், இன்னொரு குடியேறி போதும். அவர் இவருக்கு ஜாமீன், இவர் அவருக்கு. சில நேரம் ஒருவரையொருவர் சரியாக அறியாதவர்கள்கூட. ‘குறுக்கு ஜாமீன்’ என்று அங்கே பெயர். ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுதும் விழும். கட்டட வேலை நின்றது, கண்ணிகள் அறுந்தன. அவர்கள் கட்டியதும் வீடு, வாங்கியதும் வீடு. கூலியும் கூரையும் ஒரே கயிற்றில் தொங்கின என்பது கயிறு அறுந்த பிறகுதான் தெரிந்தது.

இனிமேல்தான் சட்டம் வருகிறது. கலிபோர்னியாவில் வீடு வாங்கவென்று எடுத்த கடன் பெரும்பாலும் வீட்டோடு முடிந்துவிடும். சாவியைத் திருப்பிக் கொடுத்தால் தீர்ந்தது. ஸ்பெயினில் 1889-ன் குடிமைச் சட்டம் 1911-ஆம் பிரிவு, கடன்பட்டவர் தம் இன்றைய சொத்தால் மட்டுமின்றி நாளைய சொத்தாலும் பொறுப்பு என்கிறது. ஏலத்தில் கேட்பார் இல்லையென்றால் மதிப்பில் பாதிக்கு வங்கியே வீட்டை எடுத்துக்கொள்ளலாம். (2011-ல் அது 60 விழுக்காடாகவும் 2013-ல் குடியிருக்கும் வீட்டுக்கு 70 ஆகவும் உயர்த்தப்பட்டது.) மேலே சொன்ன உதாரணத்தில் வீட்டை 1 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டு, மீதி 1 லட்சத்தையும் அபராத வட்டியையும் கோர்ட் செலவையும் வங்கி கேட்டுக்கொண்டே இருக்கலாம், சாகும்வரை. (நம்மிடமும் 2002-ன் சர்ஃபேசி சட்டப்படி ஏலத்துக்குப் பிறகும் நிற்கும் பாக்கியைக் கடன் வாங்கியவரிடம் கேட்க முடியும். வீட்டுக்கடன் பத்திரத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட எழுத்தாளர் யாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.)

ஐரோப்பிய நீதிமன்றம் 2013 மார்ச் 14 அன்று தீர்ப்பளித்த ஒரு வழக்கில் இது ஆவணமாகவே இருக்கிறது. 1993 முதல் ஸ்பெயினில் வேலை செய்த மொரோக்கோ நாட்டவர் ஒருவர். மாத நிலை வருமானம் 1,341 யூரோ. 2007 ஜூலையில் குடும்பம் வசிக்கும் வீட்டின் மேல் 1,38,000 யூரோ கடன். 33 வருஷம், 396 தவணை. தவறினால் அபராத வட்டி 18.75 விழுக்காடு. 2008 ஜூனில் தவணை நின்றது. 2010 ஜூலை ஏலத்தில் கேட்க ஆளில்லை; பாதி மதிப்புக்கு வீடு வங்கிக்குப் போனது. 2011 ஜனவரியில் குடும்பம் வெளியே. ஒப்பந்த வாசகம் நியாயமற்றது என்று வாதிட ஸ்பெயினின் ஏல நடைமுறையில் அவருக்கு இடமே இல்லை. தனி வழக்குப் போடலாம், ஆனால் அது ஏலத்தை நிறுத்தாது. அந்த நடைமுறை ஐரோப்பியச் சட்டத்துக்கு முரண் என்றது தீர்ப்பு. தீர்ப்பு வந்தபோது அவர் வெளியேறி இரண்டு வருஷம் கடந்திருந்தது. 2008 முதல் 2012 வரை தொடங்கப்பட்ட அடமான ஏல வழக்குகள் 4 லட்சத்துக்கு மேல். எல்லாம் குடியிருப்பு வீடுகள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

‘எக்ஸ்பாட்’கள் மட்டும் சுகமாக இருந்தார்களா என்றால், இல்லை. பதிவான பிரிட்டிஷ்காரர்களே மூன்றரை லட்சம் பேர். அவர்களில் ஓய்வூதியத்தை நம்பியிருந்தவர்களுக்குப் பணம் பவுண்டில் வந்தது, செலவு யூரோவில் ஆனது. 2007-ல் 1.45 யூரோ அளவில் இருந்த பவுண்டு 2008 கடைசியில் ஒரு யூரோவை ஒட்டி விழுந்தது. அல்மேரியா மாகாணத்தின் வேரா என்ற ஊரில் நகராட்சி அனுமதியோடு கட்டிய வீட்டை, அனுமதியே செல்லாது என்று 2008 ஜனவரி 9 அன்று இடித்துத் தள்ளினார்கள். உள்ளே வாழ்ந்தது வயதான ஒரு பிரிட்டிஷ் தம்பதி. அந்த வலியைச் சின்னதாக்குவது நேர்மையல்ல. ஆனால் பொதுவில் அவர்களுக்கு ஒன்று இருந்தது: காத்திருக்கும் வசதி. சரிவுக்குப் பிறகு வந்தவர்கள், ‘முதலில் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து ஊரைப் பார், விலை இன்னும் இறங்கட்டும்’ என்று யோசிக்க முடிந்தது. கையில் காசு வைத்துக்கொண்டு காத்திருக்க முடிகிறவருக்குச் சந்தைச் சரிவு என்பது தள்ளுபடி விற்பனை. விற்கப்படுவது வேறொருவரின் ஜப்தியான வீடு என்பது விலைச்சீட்டில் எழுதப்படுவதில்லை.

1872-ல் எங்கெல்ஸ் ‘வீட்டுப் பிரச்சினை’ பற்றி எழுதியபோது இதன் ஒரு முனையைத் தொட்டிருக்கிறார். வாடகையையே தவணையாக்கி ஒவ்வொரு குடித்தனக்காரரையும் உடைமையாளராக்கிவிடலாம் என்ற புரூதோனியர்களுக்கு எதிரான கட்டுரைகள் அவை. இடம்பெயரும் சுதந்திரம் நகரத் தொழிலாளியின் முதல் பலம், சொந்த வீடு அவரை ஓரிடத்தில் கட்டிப்போட்டுக் கூலியைக் குறைக்க வழிசெய்யும் என்பது அவர் வாதம். 1887 பதிப்பில், கன்சாஸ் நகரத்துக்கு வெளியே அடமானக் கடன் சுமந்து மரக்குடிசை வாங்கிய தொழிலாளர்களைப் பற்றி எலினார் மார்க்ஸ் எழுதிய கடிதத்தையும் குறிப்பாகச் சேர்த்தார். எங்கெல்ஸிடம் இல்லாதது ஒன்று. அவருடைய தொழிலாளிக்கு வாடகைக்கு இருக்க முடியும் என்பது அங்கே எடுத்துக்கொள்ளப்பட்ட விஷயம். பாஸ்போர்ட்டும் தோல்நிறமும் வாடகைச் சந்தையிலிருந்தே ஒருவரை வெளியேற்றும்போது, இடம்பெயர்ந்து வந்தவரே கட்டிப்போடப்படுகிறார். மார்க்சியத்தை வாய்ப்பாடாகப் படிக்கும் நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

அரசு என்ன செய்தது? 2008-ல், வேலையிழந்த ஐரோப்பியரல்லாத குடியேறிகள் ஊர் திரும்பினால், சேரவேண்டிய வேலையின்மை உதவித்தொகையை இரண்டு பங்காகக் கொடுப்பதாகத் திட்டம் போட்டது. 40 விழுக்காடு ஸ்பெயினில், 60 விழுக்காடு ஊர் போய்ச் சேர்ந்த பிறகு. வசிப்பு அட்டையை ஒப்படைத்துவிட வேண்டும், மூன்று வருஷம் திரும்பி வரக்கூடாது. ஆளைத் திருப்பி அனுப்பும் இந்தத் திட்டம் அடமானக் கடனைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஈக்வடார் 2012-ல் தன் நாட்டுக்குள், முதல் வீட்டைத் திருப்பிக் கொடுத்தால் கடன் தீரும் என்று சட்டமே போட்டது. மாட்ரிட்டில் கையெழுத்தான பத்திரத்தை அது தொடாது. அடுத்த வருஷமே ஸ்பெயின் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. ஐந்து லட்சம் யூரோவுக்குக் கடன் சுமையில்லாமல் சொத்து வாங்கும் வெளிநாட்டவருக்கு வசிப்புரிமை. ‘தங்க விசா’ என்றார்கள். வீட்டால் ஒருவருக்கு நாடு கிடைத்தது, இன்னொருவருக்கு அதே வீட்டால் நாடும் போனது. தங்க விசா பன்னிரண்டாவது வருஷத்தில், 2025 ஏப்ரல் 3 அன்றுதான் முடிவுக்கு வந்தது.

2009 பிப்ரவரியில் பார்சிலோனாவில் ‘அடமானத்தால் பாதிக்கப்பட்டோர் மேடை’ தொடங்கியது. (அதன் முகங்களில் ஒருவரான அடா கோலாவ் 2015 முதல் 2023 வரை அந்நகர மேயராக இருந்தார்.) ஆரம்பக் கூட்டங்களுக்கு வந்தவர்களில் ஈக்வடார்க்காரர்களும் பிற குடியேறிகளும் ஏராளம். ‘எக்ஸ்பாட்’டுக்கு ஆலோசகர் இருப்பார், வக்கீல் இருப்பார். இங்கே சட்டம் தெரியாதவர்கள் ஒருவர் பத்திரத்தை ஒருவர் படித்தார்கள். தன் கடனை முன்பின் தெரியாதவர்கள் நடுவில் வாய்விட்டுச் சொல்வதுதான் முதல் வேலை. அவமானமாகச் சுமந்ததை எண்களாகச் சொல்லப் பழகினார்கள். 2010 நவம்பரில் லா பிஸ்பல் தெல் பெனெதெஸ் என்னும் ஊரில் முதல் வெளியேற்றத்தை வாசலில் நின்று தடுத்தார்கள். வீட்டைக் கொடுத்தால் கடன் தீர வேண்டும் என்ற மனுவுக்கு 14 லட்சம் கையெழுத்து சேர்ந்தது. 2013-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அந்தக் கோரிக்கை இல்லை.

அவர்களுடைய இன்னொரு கோரிக்கை ‘சமூக வாடகை’. வங்கி எடுத்துக்கொண்ட வீட்டில், வருமானத்துக்கேற்ற வாடகைக்கு அதே குடும்பம் இருந்துகொள்ளட்டும் என்பது. வெளியேற்றுவதற்கு முன் பெரிய உடைமையாளர்கள் இதற்கு முன்வர வேண்டும் என்ற சட்டம் கத்தலோனியாவில் 2015 ஜூலையில், மக்கள் மனுவின் வழியாகவே வந்தது. மறுவருஷம் அதன் முக்கியப் பிரிவுகளை அரசியல்சட்ட நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2019-ல் அவை மீண்டன. வாடகைக்கு வீடு மறுக்கப்பட்டதால் வாங்கியவர்கள், வாங்கிய வீட்டில் வாடகைக்கு இருப்பதற்காகப் போராட வேண்டியிருந்தது.