மேட்டு நிலத்துக் கடல் – 6: பழுப்பு, சிவப்பு, பச்சை

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஊர்களுக்குக் கடல் வெகு தூரம். பாரதப்புழை ஒரு மாவட்டத்தையே குறுக்கே கடந்து பொன்னானியில்தான் கடலைப் பார்க்கிறது. மூணாறு இன்னும் எட்டாத இடம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், தேயிலைக்கும் மூடுபனிக்கும் நடுவே இருக்கிறது. இந்த ஊர்களில் ஒருவர் தன் வீட்டுக் கூடத்தில் பவளத் தொட்டி வைக்க ஆசைப்பட்டால், உப்புப் பையைப் பிரித்துக் கடலை அவரே கலக்க வேண்டும். சென்ற வார அத்தியாயம் அந்த இடத்தில்தான் நின்றது. 200 லிட்டர் தொட்டி, அடர்த்தி 1.025, வெள்ளை வெளேரென்ற செராமிக் பாறைகள், இரண்டு கோமாளி மீன்கள்.

மூன்றாவது வாரம் பாறை பழுப்பாகிறது.

முதல் நாள் தூசி போலத்தான் தெரியும். நாலு நாளில் மணல், கண்ணாடி, பம்பு எல்லாவற்றின் மேலும் காப்பிப்பொடி தூவியதுபோல் படிந்துவிடும். புதிதாகத் தொட்டி வைப்பவர்களில் பலர் மனம் உடைந்து எல்லாவற்றையும் விற்றுவிட நினைப்பது இந்த வாரத்தில்தான். அவர்கள் பயப்பட ஒன்றுமில்லை. தரிசு நிலத்தை உழுதுபோட்டால் முதலில் களைதான் முளைக்கும் என்பது பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து விவசாயி எவருக்கும் தெரிந்த சேதி. புதுத் தொட்டியும் உழுதுபோட்ட தரிசுதான். உயிர் பற்றாத பாறையின் ஒவ்வொரு நுண்துளையும் ஆள் இல்லாத மனை.

கடலிலிருந்து உயிருள்ள பாறையை எடுத்து வைத்தால் இந்தக் கட்டம் சீக்கிரம் கடந்துவிடும். ஆனால் பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. யானைக்கும் புலிக்கும் உள்ள அதே காப்பு. இறந்த பவளத்துண்டைக்கூட நம் கடலிலிருந்து எடுக்கக் கூடாது. மீன் விஷயத்தில் நிலைமை மேல். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டிவிட்டன. பாறைக்கு மட்டும் செராமிக்கும் பொறுமையும்தான் வழி.

பழுப்பின் பெயர் டயட்டம். ஒற்றைச் செல் பாசி. தன்னைச் சுற்றிச் சிலிகாவால் ஓடு கட்டிக்கொள்ளும். சிலிகா தீர்ந்தால் ஓடு கட்ட வழியில்லை; பழுப்பும் தானே வற்றிப்போகும். அந்தச் சிலிகா எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பாலக்காட்டின், மூணாற்றின் கதை இருக்கிறது. கருங்கல் பாறைக்குள் ஊறிக் கிடக்கும் தண்ணீர் சிலிகாவைக் கரைத்துக்கொண்டே வரும். கொழிஞ்சாம்பாறையின் ஆழமான போர்வெல்லிலும் அது உண்டு. மூணாற்றின் மலை ஊற்றிலும் உண்டு. மலைத் தண்ணீர் மென்மையானது, கரைந்த கனிமத்தை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் எண் குறைவாகக் காட்டும் என்று நம்பி அதை அப்படியே ஊற்றுபவர்களும் ஏமாந்துபோகிறார்கள். எண் குறைவாக இருப்பதும், சிலிகாவும் பாஸ்பேட்டும் இல்லாமல் இருப்பதும் வேறு வேறு சமாச்சாரம்.

பாலக்காட்டில் இதைப் பல மடங்காக்கும் ஒன்று இருக்கிறது: காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விட்ட கணவாய் வழியே கோவைப் பக்கத்து வறண்ட காற்று வீசும் மாதங்களில், திறந்த தொட்டியிலிருந்து தண்ணீர் கண்முன்னே குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டும். கரைந்திருப்பது அத்தனையும் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. நாளுக்கு 3 லிட்டர் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்தில் ஊற்றியது 180 லிட்டர். கிட்டத்தட்ட இன்னொரு தொட்டி நிறையப் போர்வெல் தண்ணீரின் சிலிகாவும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதே கண்ணாடிக்குள் சேர்ந்துவிட்டது. தொடக்கத்தில் நல்ல தண்ணீரில் உப்பைக் கலந்துவிட்டு, தினசரி ஈடுகட்டுவதற்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றுபவரின் தொட்டியில் பழுப்பு ஆறு மாதமானாலும் போகாததற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

இதற்குத் தீர்வு ஆர்.ஓ. தண்ணீர் என்று எல்லோரும் சொல்வார்கள். சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் இயந்திரம் போதாது என்பதைச் சிலர்தான் சொல்வார்கள். குடிநீருக்குச் சுவை வேண்டும் என்பதற்காகப் பல இயந்திரங்களில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் வழியே வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலப்பார்கள். சிலவற்றில் கனிமம் சேர்க்கும் கார்ட்ரிட்ஜும் இருக்கும். மெக்கானிக்கிடம் சொல்லி அந்த இரண்டையும் விலக்கி, கடைசியில் மிச்ச அயனிகளைப் பிடிக்கும் ஒரு டி.ஐ. ரெசின் குழாயைச் சேர்த்து, மீட்டர் 0 காட்டும் தண்ணீரைத்தான் தொட்டிக்கு ஊற்ற வேண்டும். உப்பு கலக்கவும் அதுவே, ஆவியானதை நிரப்பவும் அதுவே.

பழுப்பு போனதும் சிவப்பு வரலாம். மணல்மேல் வெல்வெட்டு விரித்ததுபோல் செம்படலம். பிடித்து இழுத்தால் தோல் உரிவதுபோல் ஒரே விரிப்பாக வரும். பார்க்கப் பாசி, உண்மையில் சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர். நீரோட்டம் எட்டாத மூலையும், மீன் தின்னாமல் விட்ட தீனியும்தான் இதற்குச் சோறு. மெல்லிய குழாயால் உறிஞ்சி வெளியே எடுத்து, நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரின் முகத்தை அந்த மூலைப் பக்கம் திருப்பி, தீனியைப் பாதியாக்கினால் பெரும்பாலும் அடங்கும். ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கரைத்து ஊற்றினால் ஓரிரு நாளில் காணாமல் போகும் என்பது உண்மைதான். ஆறு வாரம் காத்திருந்து வளர்த்த நல்ல பாக்டீரியாவுக்கும் அதே மாத்திரை ஆபத்து என்பதும் உண்மை.

மூன்றாவது, பச்சை. பாறையில் தலைமுடி போல் நீண்டு ஆடும் முடிப்பாசி. இதைக் கையாளத் தெரிந்துகொள்ள மன்னார் வளைகுடா வரை போய்வர வேண்டும்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கடல். அங்கே சொந்தப் பாசிகள் ஏராளம். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று பேர் சொல்லிப் பறிக்கும் பெண்கள் தலைமுறைகளாக அந்தக் கரையில் இருக்கிறார்கள். காராஜீனன் என்னும் கூழ்ப்பொருளுக்காகக் கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி 1990-களில் மண்டபத்துக்கு ஆய்வுக்காக வந்தது. பிறகு மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் தொழிலாயிற்று. 2008-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அது குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்களைப் போர்த்திக்கொண்டிருப்பதைப் பதிவு செய்தார்கள். கிளைப் பவளத்தின் மேல் பாசி படர்ந்தால் வெயில் எட்டாது. பவளத்துக்குள் குடியிருந்து உணவு தயாரிக்கும் நுண்பாசிக்கு ஒளி கிடைக்காமல் பவளம் சாகிறது. படர்ந்த பாசி கடலில் மூழ்கிக் கையால் பறிக்கப்பட்டது. ஆனால் கப்பாபைகஸ் விதையை நம்பி இல்லை. ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அதிலிருந்து தழைக்கும்.

கூடத்துத் தொட்டியிலும் இதே பாடம். முடிப்பாசியைத் தண்ணீருக்குள்ளேயே பிரஷ்ஷால் தேய்த்தால், அறுந்த துணுக்குகள் நீரோட்டத்தில் போய்ப் பத்து இடத்தில் பற்றும். பாறையை வெளியே எடுத்து, தனி வாளியில் உப்புத் தண்ணீர் வைத்துத் தேய்க்க வேண்டும். முடியாத இடத்தில் பறிக்கும்போதே பக்கத்தில் உறிஞ்சுகுழாயைப் பிடிக்க வேண்டும்.

பறித்தபின் மேய்ச்சல். ஜமைக்காவில் 1983-இல் ஒரு நோய் வந்து கருமுள் கடல்முள்ளெலிகள் கூட்டம்கூட்டமாக மடிந்தன. பாசி மேயும் மீன்களை ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். மேய ஆளில்லாத பாறையில் பாசி ஏறியது. 1970-களின் முடிவில் பாதிக்கு மேல் இருந்த பவளப் பரப்பு 1990-களின் தொடக்கத்தில் நூற்றுக்கு 5-க்கும் கீழே போயிற்று. 200 லிட்டர் தொட்டிக்கு டர்போ நத்தைகள் எட்டோ பத்தோ இருந்தால் மேய்ச்சல் நடக்கும். ஒரே நாளில் விடாமல், பாசி இருக்கும் அளவு பார்த்து இரண்டிரண்டாக விட வேண்டும். மேய்ச்சல் தீர்ந்தால் நத்தை பட்டினியில் செத்து, அதுவே அடுத்த பாசிக்கு உரமாகும்.

விளக்கை 12 மணி நேரத்திலிருந்து 7 ஆக்குவது, ஜன்னல் வெயில் படாமல் திரை போடுவது, வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவது எல்லாம் இதோடு சேர்ந்தவை. ஆனால் அவசரப்பட்டு பாஸ்பேட் உறிஞ்சும் மருந்தை அள்ளிப்போட்டு, டெஸ்ட் கிட்டில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் 0 ஆகும்வரை விடக் கூடாது. போட்டியாளர்கள் எல்லாம் பட்டினி கிடக்கும் அந்த வெறுமையில்தான் டைனோபிளாஜெல்லேட் தலைதூக்கும். பழுப்புச் சளிபோல் நூல் நூலாக, நுனியில் காற்றுக்குமிழோடு இருக்கும். இரவில் குறைந்து, விளக்கு எரிந்ததும் திரும்ப வரும். சில இனங்களின் நஞ்சு நத்தையைக் கொன்றுவிடும். டயட்டம் என்று நினைத்து இன்னும் சுத்தம் செய்யச் செய்ய இது பெருகும். ஐயம் வந்தால் ஒரு சொட்டைப் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிடலாம். ஓடுடைய டயட்டம் அசையாமலோ மெல்ல வழுக்கியோ போகும். டைனோ ஒரே இடத்தில் சுழலும். நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 பி.பி.எம். பக்கத்தில் இருந்தால் பவளத்துக்கும் போதும், தொட்டியும் சமநிலையில் நிற்கும்.

நான்காவது மாதம் வாக்கில் செராமிக் பாறையின் மூலையில் இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி தெரியும். சுண்ணாம்புப் பாசி. அது பரவிய இடத்தில் முடிப்பாசி எளிதில் கால் ஊன்றுவதில்லை. கொழிஞ்சாம்பாறைத் தொட்டிக்காரர் அந்தப் புள்ளியைத் தேடி டார்ச்சோடு குனியும் நாளில்தான் சட்டம் இடம் தரும் முதல் பவளத்தை வாங்கப் பணம் எடுத்து வைக்கலாம்.

(அடுத்த வாரம்: பாசியைக் கொண்டே பாசியைக் கட்டுப்படுத்தும் தனி அறையும், 1984-இல் மொனாக்கோவின் கடல் அருங்காட்சியகத்துக்குக் கீழே ஒரு சதுர மீட்டரில் தென்பட்டு மத்தியதரைக் கடலில் படர்ந்த கௌலர்ப்பா என்ற பாசியும்.)