கிணற்றிலிருந்து தொடங்கும் கோடைத் தோட்டம்

வவுனியாவில் ஒரு வருடத்துக்குப் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு வருவது, பங்குனி சித்திரைப் பின்னேரங்களில் இடியோடு இறங்கும் சிறுமாரி. அதுவும் ஓய்ந்துவிட்டால் ஆவணி கடைசிவரை வானத்தை நம்பி ஒரு கத்தரிக்கன்றும் நட முடியாது. மே மாதம் தொடங்கி மலைநாட்டின் மேற்குச் சரிவுகளை நனைக்கும் அதே தென்மேற்குக் காற்று, ஈரத்தையெல்லாம் அங்கேயே இறக்கிவிட்டு வன்னிக்கு வெறும் சோளகமாக வந்து சேர்கிறது. இலையைக் காயவைக்கிறது, கன்றைச் சாய்க்கிறது, தறையில் முந்தினநாள் விட்ட ஈரத்தையும் கொண்டுபோய்விடுகிறது. ஓமந்தை, பூவரசங்குளம், செட்டிகுளம், நெடுங்கேணிப் பக்கத்துச் சிறு கமக்காரர்கள் கிணற்று நீரை மட்டும் வைத்து மரக்கறி செய்வது இந்தக் காற்றுக்குள்தான்.

பலரும் செய்வது இது: புத்தாண்டுக்கு முன் நாற்றுமேடை, புத்தாண்டு கழிந்ததும் நடுகை, துப்புரவாக்கிய நிலம் முழுக்க ஒரே பயிர். வைகாசி வரை தோட்டம் பச்சைப்பசேலென்று நிற்கும். ஆனியில் காய் பிடிக்கத் தொடங்கும்போது கன்று ஆகக்கூடுதலாகத் தண்ணீர் கேட்கும். கிணறு கைவிரிப்பதும் அப்போதுதான். பூ கொட்டும், காய் சூம்பும், பசளைக்குப் போட்ட காசும் திரும்பாது. வெயிலைக் குறைசொல்லி என்ன பயன்? அது வருடாவருடம் சொல்லிவைத்தாற்போல் வருகிற விருந்தாளி. திட்டத்தைப் பின்பக்கமிருந்து போடவேண்டும். ஆனி, ஆடியில் கிணறு எவ்வளவு ஊறும், அது எத்தனை கன்றுக்குக் காணும், அந்தக் கன்று எப்போது காய்த்தால் விலைபோகும் என்று பார்த்துக்கொண்டு, விதையை எந்தக் கிழமை மேடையில் போடுவது என்பதைக் கடைசியில் முடிவெடுக்கவேண்டும்.

வன்னிக் கிணற்றின் குணம் தெரியாமல் இந்தக் கணக்கில் இறங்க முடியாது. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் தோண்டியவை. கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் நீர் நிற்கும். அளவுமீறி இறைத்தால் கரையோரங்களில் உப்பு ஏறுமே தவிர, கிணறு இலேசில் வற்றாது. வவுனியாவின் அடியில் இருப்பது கடினமான பழம்பாறை. அதன் மேல் உக்கிப் பொடிந்த சில மீற்றர் தடிப்பான படையில்தான் நீர் தங்குகிறது. மழையும் பக்கத்துக் குளத்தின் கசிவும் அதை நிரப்புகின்றன. குளம் இறங்கினால் கிணறும் இறங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் கூடவே கொண்டுவந்த தோட்டப் பழக்கம் இந்த மண்ணுக்கு நிறையக் கொடுத்திருக்கிறது. ஆனால் கிணற்றைப் பற்றிய அந்த நம்பிக்கை இங்கே அப்படியே செல்லுபடியாகாது.

அளப்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒவ்வோர் அடிக்கும் முடிச்சுப் போட்ட கயிறும் அதன் நுனியில் ஒரு கல்லும் போதும். பின்னேரம் மோட்டாரை நிறுத்தியதும் நீர்மட்டத்தைப் பாருங்கள். மறுநாள் விடிய, இறைக்கத் தொடங்குமுன் திரும்பப் பாருங்கள். இடையில் ஏறியதுதான் உங்கள் வருமானம். இருபதடி விட்டமுள்ள கிணற்றில் ஓரடி நீர் என்பது ஏறத்தாழ 8,900 லீற்றர். செலவுப் பக்கத்தையும் பார்ப்போம். கால் ஏக்கரில் ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்கு நீர் விட ஆயிரம் லீற்றர் தேவை. இலை விரிந்து நிலத்தை மூடிய மரக்கறிப் பயிர், காற்றும் வெயிலும் சேர்ந்த நாளில் 5 மில்லிமீற்றர் அளவில் நீரை ஆவியாக்கும். ஆக, கால் ஏக்கருக்கு நாளொன்றுக்கு 5,000 லீற்றர். மண்வாய்க்காலில் விட்டால் வழியில் ஏறக்குறைய பாதி போய்விடும் என்பதால் 10,000 லீற்றர் இறைக்கவேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு ஓரடி ஊறும் கிணற்றை நம்பி, வாய்க்கால் பாசனத்தில் முழுக் கால் ஏக்கர்கூடச் செய்ய முடியாது! அதே நீரைச் சொட்டுநீர்க் குழாயில் விட்டால் கால் ஏக்கரைப்போல் ஒன்றரை மடங்கு நிலத்துக்குக் காணும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சித்திரையில் கிணறு நிறைந்திருக்கும். அப்போதுதான் நட்ட கன்று வளர்ந்த பயிர் கேட்பதில் பாதியளவே கேட்கும். அந்த மாதத்து மட்டத்தைப் பார்த்து நிலத்தைத் தீர்மானித்தால் இரண்டு மடங்கு நட்டுவிடுவோம். அளக்கவேண்டியது ஆனி, ஆடி ஊற்றை. போன வருடம் அளக்காதவர், ஆடியில் எத்தனை மணி நேரம் இறைத்தபின் மோட்டார் காற்றை இழுத்தது என்று ஞாபகப்படுத்திப் பார்த்தாலே ஓரளவு பிடிபட்டுவிடும். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால், “ஆனி பிறந்தால் அரைவாசிதான் தம்பி” என்று கயிறு இல்லாமலே சொல்லிவிடுவார்கள்.

நிலத்தின் அளவு முடிவான பிறகு நாட்களுக்கு வரலாம். கத்தரி நாற்றுமேடையில் ஒரு மாதம் இருக்கும். நட்டபின் முதற்காய்க்கு 60 முதல் 70 நாள் பிடிக்கும். மிளகாய்க்கும் மேடையில் நாலைந்து கிழமை வேண்டும். வெண்டியும் பயற்றங்காயும் நேரே விதைப்பவை. ஏழெட்டுக் கிழமைக்குள் ஆய்ச்சலுக்கு வந்துவிடும். கீரைக்கு நாலு கிழமை போதும். புடோல், பாகல், பீர்க்கு, பூசணியையும் நேரே குழியில் போடுவதே நல்லது. இந்தக் குடும்பத்தின் வேர்கள் இளமையிலேயே தக்கைபோல் இறுகத் தொடங்கிவிடும். பிடுங்கும்போது அறுந்தால் புதுவேர் விடப் பஞ்சிப்படும். முந்தவேண்டுமென்றால் பொலித்தீன் பையில் விதைத்து, இரண்டு மூன்று இலைப் பருவத்தில் மண்கட்டி உடையாமல் குழிக்குள் இறக்கலாம்.

தக்காளி தனிக்கதை. அதன் மகரந்தம் வெப்பத்தைத் தாங்காது. பகலைவிட இரவுதான் அதற்குப் பகை: இரவு வெப்பநிலை 21, 22 பாகை செல்சியஸைத் தாண்டினால் காய்பிடிப்பு குறையத் தொடங்கும். வவுனியாவில் வைகாசி முதல் ஆவணி வரை இரவிலும் 25 பாகை அளவில் நிற்கும். செடி செழிப்பாக வளரும், மஞ்சள் பூவும் குலைகுலையாக வரும், காம்போடு உதிரும். பூ உதிர்கிறதென்று மருந்துக்கடைக்கு ஓடுபவர்கள் உண்டு. வெப்பத்துக்குக் கடையில் என்ன மருந்து இருக்கிறது? கோடையில் தக்காளியை வீட்டுத் தேவைக்கு நாலு கன்றோடு நிறுத்திவிட்டு, மார்கழி, தைக் குளிருக்கு ஒதுக்கிவைப்பதே என் பரிந்துரை. 35 பாகையிலும் முகம் வாடாத வெண்டிக்கு அந்த இடத்தைக் கொடுக்கலாம்.

இனி நாற்றுமேடை. ஒரு மீற்றர் அகலம், மூன்று மீற்றர் நீளம், ஒரு சாண் உயரத்தை ஒட்டிய மேடை. வவுனியாவின் செங்கபில மண் காய்ந்தால் கல், நனைந்தால் களி. எனவே மேல்மண்ணோடு உக்கிய மாட்டெருவைச் சமபங்காகக் கலந்து பொலபொலப்பாக்கவேண்டும். அதன் மேல் ஒரு படை வைக்கோல், ஒரு படை உமி, திரும்பவும் வைக்கோல், உமி என்று அடுக்கித் தீ வைப்பார்கள். தீயைக் காற்று வரும் பக்கத்தில் வைத்தால் சரசரவென்று மேலால் ஓடிவிடும். எதிர்ப்பக்கத்தில் வைத்தால் காற்றை எதிர்த்து மெல்லமெல்ல நகரும், சூடும் மண்ணுக்குள் இறங்கும். நாற்றின் அடித்தண்டை அழுகவைத்துச் சாய்க்கும் பங்கசுகளும் களை விதைகளும் மேல்மண்ணோடு வேகின்றன. சாம்பலைக் கொத்திக் கலந்து, ஆறவிட்டு, நனைத்து, குறுக்கே பத்துச் சென்றிமீற்றருக்கு ஒரு கோடு இழுத்து, ஒரு சென்றிமீற்றர் ஆழத்துக்குமேல் போகாமல் விதையைத் தூவி மூடவேண்டும். மேலே மெல்லிய வைக்கோல். மிளகாய் முளைக்க ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். முளை தலைகாட்டிய அன்று பின்னேரமே வைக்கோலை எடுத்துவிடவேண்டும். ஒருநாள் பிந்தினாலும் நாற்று வெளிறி நெட்டையாகிவிடும். தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். இரவு முழுக்க ஈரமாய்க் கிடக்கும் மேடையில் நாற்றழுகலைத் தடுப்பது கஷ்டம்.

மிளகாய் மேடைக்குப் பூச்சிவலைக் கூடாரம் அவசியம் வேண்டும். இலை சுருளலுக்குக் காரணமான வைரசை வெள்ளை ஈ கொண்டுவந்து கொடுக்கும். பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் தம் பங்குக்குச் சாறை உறிஞ்சிச் சுருட்டும். மேடையிலேயே சுருண்ட நாற்றைத் தோட்டத்தில் தேற்றவே முடியாது. தும்புத்தூள் நிரப்பிய தட்டுகளில் வளர்ப்பதானால், கால் ஏக்கர் மிளகாய்க்கு, குழிக்கு இரண்டு வீதம் 60 × 45 சென்றிமீற்றர் இடைவெளியில், ஏழாயிரத்துக்கு மேல் நாற்று வேண்டும். கத்தரிக்கு 90 × 60 சென்றிமீற்றரில் 1,900 போதும். தட்டுக்கான காசு மிளகாயில் திரும்பக் கிடைக்கலாம். கத்தரி மண்மேடையிலேயே நன்றாக வரும். விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்யும் கத்தரி இனங்களில் ஒன்று ‘திருநெல்வேலி ஊதா’. தமிழ்நாட்டு நெல்லையோடு இதற்குத் தொடர்பில்லை. யாழ்ப்பாணத்தில் விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கும் திருநெல்வேலிதான் இது.

நடுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பிருந்து நீரைக் குறைத்து, நிழலையும் எடுத்துவிடவேண்டும். இலையின் மெழுகுப் படை தடிக்கும், தண்டு விறைக்கும், வெயில் பழகும். பிடுங்கும் அன்று மட்டும் மேடையை நன்றாக நனைத்து, விரலால் கெல்லி எடுங்கள். எவ்வளவு கவனமாக எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத வேர்மயிர்கள் மண்ணோடு போய்விடும். நீரை உறிஞ்சுபவை அவைதான். இலையோ முன்போலவே நீரை விட்டுக்கொண்டிருக்கும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நடுவதன் காரணம் இது. இரவில் இலைத்துளைகள் மூடிக்கிடக்கும்போது கன்றுக்கு ஒரு பன்னிரண்டு மணி நேர அவகாசம் கிடைக்கிறது. மறுநாள் மத்தியானம் தலைதொங்கும், பயப்படவேண்டாம். கன்றின் மேற்குப் பக்கமாக ஒரு பூவரசங்குழையையோ பனையோலைத் துண்டையோ குத்திவிட்டால் நாலாம் நாள் நிமிர்ந்துவிடும். மாரியில் வரம்பின் உச்சியில் நடுவதைக் கோடையில் சாலின் பக்கவாட்டில், ஈரம் எட்டும் உயரத்தில் நடவேண்டும். தறையின் தென்மேற்குப் பக்கத்தில் இரண்டு மூன்று வரிசை சோளத்தை, நடுகைக்கு மூன்று கிழமை முன்பே போட்டுவைத்தால் சோளகத்தையும் வெள்ளை ஈயையும் ஓரளவு மறிக்கும்.

கடைசிக் கேள்வி சந்தை. எல்லோரும் புத்தாண்டு கழிய நட்டால் எல்லோருடைய கத்தரியும் ஆனியில் சேர்ந்து வரும். தம்புள்ளையிலிருந்தும் லொறி வரும். வடக்கில் மரக்கறிக்கு நிச்சயமான கேள்வி இருக்கும் ஒரு காலம் நல்லூர்த் திருவிழா. ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் நடக்கும் அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் மச்சம் இல்லை. 2024இல் கொடியேற்றம் ஓகஸ்ட் 9, 2025இல் ஜூலை 29. இந்த மாதிரிப் பத்து இருபது நாள் முன்பின் ஆவதால் நாட்காட்டியைப் பார்த்துத்தான் எண்ணவேண்டும். ஜூலைக் கடைசியில் கத்தரி ஆயவேண்டுமானால் மே நடுவில் நடுகை, ஏப்ரல் நடுவில் விதை. பயற்றங்காய் ஜூன் தொடக்கத்தில் விதைத்தால் போதும்; அதையும் ஒரே நாளில் போடாமல் இரண்டு கிழமை இடைவெளியில் மூன்று துண்டாகப் போட்டால் திருவிழா முடியும்வரை ஆய்ச்சல் இருக்கும். ஆனால் நல்ல விலை கிடைக்கும் அந்த மாதம்தான் கிணறு ஆக இறங்கிக் கிடக்கும் மாதமும். எனவே திருவிழாவுக்கென்று நடுவது, கயிறு காட்டிய நிலத்துக்கு மேல் ஒரு வரிசைகூடப் போகக்கூடாது. மயிலுக்கும் குரங்குக்கும் எந்த அட்டவணையிலும் இடமில்லை என்பதால், அவற்றின் பங்கை நீங்களே மனதில் கழித்துக்கொள்ளுங்கள்.

மீதி நிலம்? சிறுமாரியின் ஈரம் காயுமுன் எள்ளை விதைத்துவிடலாம். மூன்று மாதத்துக்குள் அறுவடைக்கு வரும், கிணற்றுப் பக்கம் எட்டிப்பார்க்காது. பூக்கும் நேரத்தில் மழை விடாமல் பெய்தால் மட்டும் அதற்கு ஆகாது. வவுனியா வைகாசியில் அந்தக் கவலை அனேகமாக இல்லை.