முடிவெடுக்க உதவும் கணிதம்

புடவைக் கடைக்குச் செல்லும் நம் அன்னையர் விலை, நிறம், உழைப்பு ஆகிய மூன்றையும் பார்த்தே புடவை எடுக்கின்றனர். மூன்றும் ஒருங்கே அமைவது அரிது. இவ்வாறு பல அளவுகோல்களை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் கணிதத்தின் ஒரு பிரிவே ஆகும்.

நாம் வகுப்பில் பயிலும் கணத்தில் ஒரு பொருள் உறுப்பாக இருக்கும், அல்லது இராது. ஆனால் 'அருகிலுள்ள கல்லூரி' என்பது எது? 5 கிலோமீட்டர் அருகு, அதற்கு ஓரடி கூடினால் தொலைவு எனலாமா? இச்சிக்கலுக்கு 1965-ஆம் ஆண்டில் வழி கண்டவர், பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லோட்பி ஜாடே. 'ஃபஸி' எனப்படும் அவரது தெளிவற்ற கணத்தில், ஒரு பொருள் எந்த அளவுக்கு உறுப்பு என்பதை 0 முதல் 1 வரையுள்ள எண்ணால் குறிக்கலாம்.

பிளஸ் டூ முடித்த மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். அவள் முன் மூன்று கல்லூரிகள். அருகாமை, கட்டணம், அவளது விருப்பப் பாடம் ஆகியவற்றிற்கு முறையே மதிப்பெண் இடுவோம்.

முதல் கல்லூரி: 0.9, 0.9, 0.3
இரண்டாவது: 0.6, 0.6, 0.7
மூன்றாவது: 0.2, 0.5, 1.0

சராசரி பார்த்தால் முதல் கல்லூரி 0.7 பெற்று வென்றுவிடும். ஆனால் அங்கே அவள் விரும்பிய பாடத்திற்கு 0.3 தானே! அருகாமையும் குறைந்த கட்டணமும் சேர்ந்து அவள் ஆசையை மறைத்துவிட்டன.

1970-இல் ரிச்சர்டு பெல்மனும் ஜாடேயும் வேறொரு வழியைக் காட்டினர். ஒவ்வொன்றிலும் மிகக் குறைந்த எண்ணை மட்டும் எடுங்கள்: 0.3, 0.6, 0.2. இவற்றுள் பெரியது 0.6. ஆகவே இரண்டாவது கல்லூரியே ஏற்றது.

இதே கணக்கு ஆட்டக் கோட்பாட்டிலும் உண்டு என்பது வியப்பன்றோ! ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பதாக அமையும் இருவர் ஆட்டங்களுக்கான அடிப்படைத் தேற்றத்தை 1928-இல் ஜான் வான் நியூமன் நிறுவினார். 1944-இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னுடன் சேர்ந்து இக்கோட்பாட்டைப் பெரும் நூலாக விரித்தார். எதிராளி நம் பலவீனமான இடத்தையே தாக்குவான் என்று கொண்டு, அங்கும் இழப்புக் குறைவான வழியைத் தேர்வது இதன் ஒரு நெறி. மேற்கண்ட கணக்கில் கல்லூரியை நாம் தேர்கிறோம்; அதன் குறையை எதிராளி தேர்கிறான்!

இம்முறைக்கும் எல்லை உண்டு. விடுதி வசதி கிடைத்தால் தொலைவு பெரிதன்று. அப்போது அந்த அளவுகோலின் எடையைக் குறைக்க வேண்டும். அந்த எடையையும் எண்களையும் இடுவது கணிதமன்று, நாமே.

எனவே பெற்றோரே, மகளின் மேற்படிப்பைப் பற்றி முடிவெடுக்கும் நாளில் ஒரு தாளை எடுத்து அவளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். கட்டணத்தின் எண்ணை நீங்கள் எழுதுங்கள். விருப்பத்தின் எண்ணை அவள் எழுதட்டும். தோழியரே, அந்த எண்ணைத் தயங்காமல், உண்மையாக எழுதுவது நம் கடமையாகும்.