ஓடி முடித்த நாய்க்கு வலிப்பு வந்தால்

கிரேஹவுண்ட் பந்தயம் பல நாடுகளில் முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநில மக்கள் 2018-இல் வாக்களித்து அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். 2020 டிசம்பரோடு அங்கே ஓட்டம் நின்றது. நியூசிலாந்து அரசு 2024 டிசம்பரிலும் வேல்ஸ் அரசு 2025 பிப்ரவரியிலும் தடை செய்யப்போவதாக அறிவித்தன. பந்தயம் தொடரும் இங்கிலாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியாவிலும் பெரும்பாலான நாய்கள் ஐந்து வயதுக்குள் களத்தை விட்டு வெளியேறுகின்றன; அவற்றில் பல தத்தெடுப்பவர்களின் வீடுகளுக்குப் போகின்றன. நம் சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் போலவே ஒடுங்கிய இடுப்பும் ஆழ்ந்த மார்பும் நீண்ட கால்களும் கொண்ட இந்த நாய்களில் சில, புது வீட்டுக்கு வந்த சில மாதங்களில் நள்ளிரவில் கைகால் இழுத்துக்கொண்டு விழுகின்றன. வேறு சில, சுவரை வெறித்துக்கொண்டு நிற்கின்றன, இல்லாத ஈயைக் கவ்வுகின்றன, தூக்கத்தில் உறுமி எழுகின்றன. ரத்தப் பரிசோதனையில் பெரிதாக எதுவும் தெரியாவிட்டால், ‘காரணம் தெரியாத வலிப்பு’ என்று எழுதி மாத்திரை தொடங்கிவிடுகிறார்கள். மருத்துவத்தில் அப்படி ஒரு நோய் இருப்பது உண்மை. நாய்களுக்கு வரும் நாள்பட்ட வலிப்பில் மிகப் பரவலானதும் அதுவே. ஆனால் தேட வேண்டியதையெல்லாம் தேடிய பிறகுதான் அந்த முடிவுக்கு வர வேண்டும். ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் விஷயத்தில் இந்தத் தேடல் இரண்டு இடங்களில் தடுமாறுகிறது. இந்த இனத்தின் இயல்பான உடலே மற்ற நாய்களின் அளவுகோலுக்குள் அடங்குவதில்லை. அதன் வாழ்க்கையின் முதல் பாதி, தத்தெடுத்தவருக்கோ மருத்துவருக்கோ தெரிவதில்லை.

நடந்தது வலிப்புதானா என்பதே முதல் கேள்வி. கிரேஹவுண்ட் நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். பல நாய்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். கனவு வந்தால் கால்கள் துள்ளும், உதடு துடிக்கும், தொண்டைக்குள்ளேயே சன்னமாகக் குரைக்கும். வலிப்பும் பெரும்பாலும் தூக்கத்திலோ ஓய்விலோ வருவதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. கனவுத் துடிப்பு விட்டுவிட்டு வரும். தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாய் விழிக்கும். விழித்ததும் ஆளைத் தெரிந்துகொள்ளும். முழு வலிப்பில் உடல் விறைக்கும், தலை பின்னால் வளையும், தாடை இறுகும், கால்கள் சீரான தாளத்தில் காற்றை உதைக்கும், வாயில் நுரை தள்ளும், சிறுநீர் கழியும். எத்தனை முறை கூப்பிட்டாலும் காதில் விழாது. ஓரிரு நிமிடங்களில் அது அடங்கிய பிறகு நடப்பதுதான் இன்னும் நல்ல சான்று: பார்வை போனதுபோல் கதவில் முட்டும், நிற்காமல் சுற்றிவரும், அகோரப் பசியோடு கண்டதைத் தின்னும், சில சமயம் வளர்ப்பவரையே அந்நியரைப் பார்ப்பதுபோல் பார்த்து உறுமும். மயக்கம் போட்டு விழும் நாயிடம் இந்தக் குழப்பம் இருக்காது. ஓட்டத்திலோ பரபரப்பிலோ துவண்டு சரிந்து, சில நொடிகளில் எழுந்து பழையபடி நடக்கும். இதிலும் கிரேஹவுண்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஆரோக்கியமான கிரேஹவுண்டின் இதயமே பெரியது. அதில் லேசான முணுமுணுப்பு ஒலி கேட்பது சாதாரணம். அந்த ஒலியை மட்டும் நம்பி இதய நோய் என்று முடிவு கட்டினால் விசாரணை தொடக்கத்திலேயே தடம் மாறிவிடும்.

விசித்திர நடத்தைகளில் பலவற்றுக்கு மூளை நோயே காரணமாக இருக்க வேண்டியதில்லை. பந்தய நாய் பட்டியில் வளர்ந்தது. மாடிப்படி, கண்ணாடிக் கதவு, தொலைக்காட்சி, வழுக்கும் தரை எதையும் அது பார்த்ததில்லை. நடைக்குக் கூட்டிப் போகும்போது தெருவின் நடுவே சிலையாக நின்றுவிடுவது, புதிதாக ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகளிடம் அடிக்கடி காணும் பழக்கம். அதற்கு அச்சமே பெரும்பாலும் காரணம். பட்டியில் தனிக் கூண்டில் தூங்கிய நாயை யாரும் தூக்கத்தில் தொட்டதில்லை. அதனால்தான் சோஃபாவில் தூங்கும்போது குழந்தை கை வைத்தால் கண் திறக்கும் முன்பே கவ்வ வருகிறது. இருந்தாலும் எல்லாவற்றையும் ‘பழக்கமில்லாத நாய், போகப் போகச் சரியாகும்’ என்று ஒதுக்கிவிடவும் கூடாது. உடலின் ஒரு பகுதியை மட்டும் பிடிக்கும் வலிப்பு முகத் துடிப்பாகவோ திடீர்ப் பயமாகவோ வெளிப்படலாம். ஈ பிடிப்பதுபோல் காற்றைக் கவ்வும் நாய்களில் சிலவற்றுக்குக் குறை வயிற்றில் இருந்ததாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேறுபடுத்திப் பார்க்க உதவும் கேள்விகள் எளியவை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்கிறதா? சூழல் மாறினாலும் வருகிறதா? கூப்பிட்டுக் கவனத்தைத் திருப்பினால் நிற்கிறதா? இதற்குக் கைப்பேசி வீடியோவை விட நல்ல சாட்சி கிடையாது. நரம்பியல் நிபுணர்களிடம் ஒரே காட்சிகளைக் காட்டியபோது அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து குறைவாகத்தான் இருந்தது. காட்சியும் இல்லாமல் வாய்ச்சொல்லை மட்டும் கேட்டு மருத்துவர் என்னதான் முடிவு செய்ய முடியும்?

அடுத்தது ரத்தம். தவறுகள் பெரும்பாலும் நேர்வது இங்கேதான், தவிர்க்க எளிதானவையும் இவைதான். கிரேஹவுண்டின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு மற்ற நாய்களைவிடக் கூடுதல். மற்ற நாய்களில் 37 முதல் 55 சதவீதம் இயல்பு என்றால் இதற்கு 50-ஐத் தாண்டி 60 வரை போவதும் இயல்பே. தட்டணுக்களும் வெள்ளணுக்களும் குறைவாக இருக்கும். தசை மிகுந்த உடல் என்பதால் கிரியாட்டினின் சற்று உயர்ந்திருக்கும். தைராய்டு சுரப்பியின் டி4 அளவு, நோயே இல்லாத கிரேஹவுண்டுகளிலும் பெரும்பாலும் பொது வரம்பின் அடிமட்டத்திலோ அதற்குக் கீழோ நிற்கும். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கில்லர்மோ கூட்டோ என்ற கால்நடை மருத்துவர் நடத்திய கிரேஹவுண்ட் நலத் திட்டம் இந்த வேறுபாடுகளைப் பல ஆண்டுகளாக எடுத்துச் சொல்லிவந்தது. ஆனாலும் ஆய்வகத் தாளில் அச்சாகும் வரம்பு பொதுவாக எல்லா நாய்களுக்கும் ஒன்றே. வலிப்பும் மந்தமும் உள்ள நாய்க்கு டி4 குறைவு என்று தாள் சொன்னதும் தைராய்டு மாத்திரை எழுதப்படுகிறது. உண்மைக் காரணத்தைத் தேடும் வேலை அங்கேயே நின்றுவிடுகிறது. வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவியிலும் இதே ஆபத்து. மனிதர்களுக்காகச் செய்த கருவி, சிவப்பணு மிகுந்த ரத்தத்தில் சர்க்கரையை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். சர்க்கரை தாழ்ந்து வரும் வலிப்பு உண்மையில் உண்டு. வயதான நாயின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி வந்தாலும், சர்க்கரையில்லாச் சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டாலைத் தின்றாலும் அது நேரும். அதனால்தான் அந்த எண்ணைக் கைக்கருவியோடு விட்டுவிடாமல் ஆய்வகத்தில் ஒருமுறை உறுதி செய்ய வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. ‘கிரேஹவுண்டுக்கு அப்படித்தான்’ என்று எல்லா எண்ணையும் ஒதுக்கிவிட்டால், உண்மையான நோயும் அந்தச் சாக்கில் தப்பிவிடாதா? தப்பும். தட்டணு குறைவதை எடுத்துக்கொள்வோம். உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமியும் தட்டணுக்களைக் குறைக்கும், மூளையையும் தாக்கும்; அமெரிக்கப் பந்தயப் பட்டிகளிலிருந்து வரும் நாய்களுக்கு உண்ணி நோய்ப் பரிசோதனை வலியுறுத்தப்படுவது அதனால்தான். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நத்தை, ஓடில்லா நத்தை வழியாகத் தொற்றும் ஒருவகை நுரையீரல் புழு, ரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்து மூளைக்குள்ளேயே கசிவை உண்டாக்கலாம். வலிப்பு அதன் விளைவாக வரலாம். ஆகவே 1,20,000 தட்டணு என்ற ஓர் எண்ணைத் தனியாகப் பார்த்தால் அது நோயையும் காட்டாது, நலத்தையும் காட்டாது. அதை இந்த இனத்தின் வரம்போடு ஒப்பிட வேண்டும். அதைவிட முக்கியமாக, அதே நாய் நலமாக இருந்தபோது எடுத்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். தத்தெடுத்த முதல் மாதத்திலேயே ஒரு முழு ரத்தப் பரிசோதனை செய்து தாளைப் பத்திரப்படுத்திவைத்தால், இரண்டு ஆண்டு கழித்து வரும் குழப்பத்தில் பாதி இல்லாமல் போகும்.

இனி, தெரியாமல் போன முதல் பாதி. கேஸ் ஷீட் தொலைந்த நோயாளியைப் போலத்தான் இந்த நாய் மருத்துவரிடம் வருகிறது. ஆனால் அதன் கடந்த காலம் எழுதப்படாமல் போய்விடவில்லை. காதின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் பச்சை குத்திய எழுத்துகள் மங்கலாகத் தெரியும். அமெரிக்க நாயின் வலக் காதில் 64சி என்பதுபோல் இருந்தால், 4-இல் முடியும் ஆண்டின் ஆறாம் மாதத்தில் பிறந்தது, ஈற்றில் மூன்றாவதாகப் பதிவானது என்று பொருள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் காதுக் குறியைக் கொண்டு பந்தயப் பெயரையும், பந்தயப் பெயரைக் கொண்டு ஓடிய ஒவ்வொரு ஓட்டத்தையும் தேடி எடுக்க முடியும். நொடியின் நூறில் ஒரு பங்கு வரை நேரமும் ஒவ்வொரு பந்தய நாளின் எடையும் அதில் இருக்கும். எந்த வளைவில் நெருக்கப்பட்டது, எங்கே மோதியது, எங்கே விழுந்தது என்ற குறிப்பும் உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஆறு நாய்கள் முதல் வளைவில் ஒன்றோடொன்று மோதும்போது தலையில் அடிபடக்கூடும்; மூளைக் காயத்தின் வடு மாதங்கள் கழித்தும் வலிப்பாக வெளிப்படலாம். பந்தயம் கட்டுகிறவர் பொழுதுபோக்காகப் படிக்கும் அந்தத் தாளில் மருத்துவருக்குத் தேவையான தடயம் இருக்கக்கூடும். கடைசி சில ஓட்டங்களில் விழுந்த குறிப்பும், அதைத் தொடர்ந்து நேரம் சரிந்திருப்பதும் தெரிந்தால், ஸ்கேனுக்கு அனுப்ப அது ஒரு காரணம். உணவையும் விசாரிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் நாய்க்கு விற்கும் பச்சை இறைச்சியில் கெடாமலிருக்கச் சேர்க்கப்படும் சல்ஃபைட், தயமின் என்ற பி1 வைட்டமினை அழித்துவிடும். அந்தக் குறைபாடு முற்றினால் தள்ளாட்டமும் வலிப்பும் வரும். நேரத்தில் கண்டுபிடித்தால் வைட்டமின் ஊசியே அதற்கு மருந்து. அந்த வலிப்புக்குக் ‘காரணம் தெரியாது’ என்று பெயரிடுவது நாய்க்குச் செய்யும் அநீதி.

புது வீட்டில்தான் முதன்முதலாக வலிப்பு வந்தது, ஆகவே புது வீட்டில் நடந்த ஏதோ ஒன்றுதான் காரணம் என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் விரல் நீட்டுவது பெரும்பாலும் உண்ணி மாத்திரையை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரில், ஐசாக்சசோலின் வகை உண்ணி மருந்துகள் சில நாய்களில் நடுக்கத்தையும் வலிப்பையும் தூண்டக்கூடும் என்று எச்சரித்தது. பெரும்பாலான நாய்களுக்கு அவை பாதுகாப்பானவை என்பதையும் அதே எச்சரிக்கை சொன்னது. இந்த மருந்துகள் உடலில் வாரக்கணக்கில் தங்குபவை. மாத்திரை கொடுத்த தேதியையும் வலிப்பு வந்த தேதியையும் அருகருகே எழுதிவைப்பதும், வலிப்பு கண்ட நாய்க்கு வேறு வகை மருந்துக்கு மாறுவதும் அறிவுடைமை. ஆனால் தேதி ஒத்துப்போவது மட்டுமே நிரூபணம் ஆகிவிடாது. காரணம் தெரியாத வலிப்பு நோய் முதன்முதலாகத் தலைகாட்டுவது பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில். கிரேஹவுண்ட் ஓய்வுபெற்று வீடு மாறுவதும் அதே வயதில்தான். பிரிட்டனில் 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, பொது மருத்துவமனைகளுக்கு வரும் நாய்களில் ஆயிரத்துக்கு ஆறு என்ற கணக்கில் வலிப்பு நோய் இருப்பதாகக் கண்டது. அப்படியானால் மாத்திரை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சில கிரேஹவுண்டுகளுக்கு அந்த வயதில் அது வரத்தான் செய்யும்.

‘இவ்வளவு தேடலுக்குப் பணம் யார் கொடுப்பது?’ என்பது மறுப்புகளிலேயே கனமானது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் தண்டுவட நீர்ப் பரிசோதனையும் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. அதற்காகவே சர்வதேசக் கால்நடை வலிப்பு நிபுணர் குழு 2015-இல் படிப்படியான முறை ஒன்றை வகுத்தது. குறைந்தது ஒரு நாள் இடைவெளியில் இரண்டு வலிப்பு, ஆறு மாதம் முதல் ஆறு வயதுக்குள் தொடக்கம், இடைப்பட்ட நாட்களில் நரம்புப் பரிசோதனையில் குறையின்மை, இயல்பான ரத்தமும் சிறுநீரும் என்ற முதல் படியிலேயே ஓரளவு நம்பிக்கையோடு முடிவுக்கு வரலாம். பித்த அமிலப் பரிசோதனையும் ஸ்கேனும் தண்டுவட நீரும் இரண்டாம் படி. மூளை மின்னலைப் பதிவு மூன்றாம் படி. நாலு வயது நாய், நடுவே முழு நலத்தோடு இருக்கிறது என்றால் முதல் படியோடு நிறுத்தலாம். எட்டு வயதில் முதல் வலிப்பு, அல்லது வட்டமடித்து நடத்தல், ஒரு பக்கப் பார்வைக் குறை, நாளுக்கு நாள் மாறும் சுபாவம் என்று இருந்தால், ஸ்கேனைத் தள்ளிப்போடுவது சிக்கனமாகாது. கட்டியோ அழற்சியோ இருந்தால் இழக்கும் ஒவ்வொரு வாரமும் திரும்பக் கிடைக்காது. மலிவான படிகளை ஒழுங்காகச் செய்தால்தான் விலை உயர்ந்த படி யாருக்குத் தேவை என்பதே தெரியும்.

‘எப்படியிருந்தாலும் ஃபீனோபார்பிட்டோன் என்ற வலிப்பு மருந்தைத்தானே கொடுக்கப்போகிறோம், காரணம் தெரிந்து என்ன?’ என்று கேட்பவர்களுக்கு இந்த இனமே பதில் வைத்திருக்கிறது. ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்புக்கோ ஒரே நாளில் அடுத்தடுத்து வரும் வலிப்புக்கோ உடனே மருந்து வேண்டும், காரணம் பிறகு பார்க்கலாம். தசை மிகுந்த இந்த உடல் வலிப்பில் வேகமாகச் சூடேறும் என்பதால் அது அவசரமும்கூட. ஆறு மாதத்தில் இரண்டு முறையோ அதற்கு மேலோ வந்தாலும் மருந்து தொடங்கலாம் என்பதே பொதுவான வழிகாட்டல். ஆனால் தயோபென்டால் போன்ற மயக்க மருந்துகளை கிரேஹவுண்டின் கல்லீரல் மெதுவாகவே சிதைக்கும் என்பது கால்நடை மருத்துவத்தில் பழைய பாடம். ஃபீனோபார்பிட்டோனும் தயோபென்டாலின் வேதிக் குடும்பத்து மருந்து. தயோபென்டாலுக்குச் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அளவை ஊகத்துக்கு விடாமல், இரண்டு மூன்று வாரம் கழித்து ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பதற்கு அது போதுமான காரணம். இந்த மருந்து டி4 அளவையும் தாழ்த்தும். ஏற்கெனவே தாழ்ந்த டி4 உள்ள இனம், அதைத் தாழ்த்தும் மருந்து, பொது நாய்க்கான வரம்பு அச்சிட்ட தாள் மூன்றும் சேர்ந்தால், இல்லாத தைராய்டு நோய்க்கு ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்கும் நாய் உருவாகிவிடும். மருந்து தொடங்கும் முன் ஒரு முறை ரத்தம் எடுத்து, டி4-ஐயும் கல்லீரல் நொதிகளையும் குறித்துவைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது.